பின்சக்கரத்து உப்பு

முதல் ஸ்போக் கம்பி உடைந்தபோது வாசுகி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்கூடாய் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தாள். பின்னால் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. கல் ஏதாவது தெறித்திருக்கும் என்று மிதித்தாள். கொஞ்ச தூரத்தில் இன்னொரு 'டிங்'. பின்சக்கரம் நெளிந்து பிரேக் கட்டையில் உரச ஆரம்பித்தது. இறங்கி, கார்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி, ஐயாசாமியின் சைக்கிள் கடை வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தாள்.

ஐயாசாமி சக்கரத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். ஒவ்வொரு கம்பியையும் ரிம்மோடு இழுத்துப் பிடித்திருக்கும் சின்ன நிப்பிள்களின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினார். பொடி உதிர்ந்தது. கம்பிகளில் துரு, தொட்டால் விரலில் ஒட்டியது.

"கடல் பக்கம் போனீங்களாக்கா?"

"கடலா? நான் இந்த மேடு வரைக்கும்தான் வருவேன். மழையில கூட எடுக்க மாட்டேன்."

"அப்ப வேற யாரோ ஓட்டியிருக்காங்க. இது உப்புத் தண்ணி வேலதான்லா. மீன் பிடிக்கப் போறவங்க சைக்கிளெல்லாம் இப்படித்தான் எங்கிட்ட வரும். எத்தன பார்த்திருக்கேன்."

அவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த சைக்கிளுக்குப் போய்விட்டார். வாசுகியின் மனதில் அது இறங்கிவிட்டது.

சர்க்கரை ஏறிவிட்டது, உடம்பை அசைக்காவிட்டால் மாத்திரைதான் என்று டாக்டர் சொன்ன பிறகு அவள் ஆசையாக வாங்கிய சைக்கிள் அது. வாங்கிய நாளிலிருந்து வீட்டுப் பின்பக்கத்து ஸ்டோரில்தான் நிற்கும். வேறு யார் ஓட்டுவது? கணவன் காளிதாஸ் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். சைக்கிளில் ஏறி இருபது வருஷம் இருக்கும். மகள் பினாங்கில் படிக்கிறாள். மிச்சம் இருப்பது ஒரே ஆள், பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்த ரூபேந்திரன்.

ரூபேந்திரனுக்கு முப்பது வயது இருக்கும். பெக்கான் நானாஸ் என்ற சின்ன ஊர்க்காரன். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் இரவு வேலை. சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் செகண்ட் லிங்க் பாலம் வழியாகப் போவான், காலையில் வந்து தூங்குவான். வாய் அதிகம் கிடையாது. லீவு நாளில் மட்டும் எங்கேயோ கிளம்பிப் போவான். அவன் அறை மூலையில் இரண்டு தூண்டில் நிற்பதை வாசுகி பார்த்திருக்கிறாள். ஒருமுறை மீன்கூடக் கொண்டுவந்து கொடுத்தான். அதைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டதும் இப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது.

வாசுகிக்கு வேலை ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பகுதியில். விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்குக் கீழே மின்சுற்றுப் போர்டுகளைப் பார்த்துப் பார்த்துத் தள்ள வேண்டும். குறை இருந்தால் அது தானாக வராது, எங்கேயோ யாரோ செய்த தவறு அதன் பின்னால் இருக்கும் என்பது அவளுக்கு ரத்தத்தில் ஊறிப் போயிருந்தது. ஐயாசாமி உடைந்த இரண்டு கம்பிகளை மட்டும் மாற்றிக் கொடுத்து, "மத்ததும் போயிரும், மொத்தமா மாத்திடுங்க, ஆனா எனக்கு இந்த மாசம் கையில வேல நிறைய இருக்கு" என்றபோது, புதுக் கம்பிகளையும் நிப்பிள்களையும் அவளே வாங்கிக்கொண்டாள். நிப்பிள் திருகும் சாவியும் ஒன்று கேட்டு வாங்கினாள். அடுத்தவர் கையில் கொடுக்காமல் அந்தச் சக்கரத்தைத் தானே ஒருமுறை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

சாயங்காலம் ஹாலில் பழைய பேப்பர் விரித்து உட்கார்ந்தாள். டயரைக் கழற்றி, நிப்பிள்களின் மேல் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊற விட்டாள். பிறகு ஒன்று ஒன்றாகத் திருகினாள். சிலது முனகிக்கொண்டு வந்தது. சிலது சாவிக்குள்ளேயே நொறுங்கியது. மொத்தத்தையும் ஒரேயடியாகக் கழற்றினால் ரிம் கோணிக்கொள்ளும் என்று ஐயாசாமி சொல்லியிருந்தார். அதனால் பழையது ஒன்றை எடுத்தால் உடனே புதியது ஒன்றை மாட்டினாள். முன்சக்கரத்தையும் எட்டிப் பார்த்தாள். அது பளபளவென்று இருந்தது. இது மட்டும் ஏன் இப்படி என்று ஒரு நொடி கை நின்றது. தண்ணீரில் ஓட்டினால் பின்சக்கரம்தான் அள்ளி வாங்கும் என்று தனக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். தொழிற்சாலையில் இப்படி ஒரு பதிலை யாராவது சொல்லியிருந்தால் அவள் விட்டிருக்க மாட்டாள்.

வேலைக்குக் கிளம்பி வந்த ரூபேந்திரன், பேப்பர் மேல் குவிந்து கிடந்த துருப்பிடித்த கம்பிகளைப் பார்த்து நின்றுவிட்டான்.

"என்னாச்சுக்கா?"

"பார்த்தா தெரியலையா தம்பி? உப்பு. கடல் தண்ணி பட்டிருக்காம்."

அவன் கண் சோபாவில் டிவி பார்த்துக்கொண்டிருந்த காளிதாஸ் பக்கம் போய்த் திரும்பியது. ஹெல்மெட்டைக் கை மாற்றிக்கொண்டான்.

"சைக்கிள இனிமே ஸ்டோர்ல வைக்காதீங்கக்கா. முன்னாடி போர்ச்சுலயே வச்சுக்குங்க."

"ஏன்?"

"சும்மாதான். காத்தோட்டமா இருக்கும்."

அவன் போன பிறகு வாசுகி கணவனைப் பார்த்தாள். "கேட்டீங்களா? போர்ச்சுல வைக்கணுமாம். லீவு நாள்ல போறப்ப வர்றப்ப எடுக்கச் சுலபமா இருக்கும்ல."

காளிதாஸ் இருமினான். அந்த வருஷம் காட்டுத்தீயால் ஊரெங்கும் புகைமூட்டம் வந்ததிலிருந்தே அவனுக்கு இருமல். "அவன் எதுக்கு உன் சைக்கிள எடுக்கப் போறான், மோட்டார் வச்சிருக்கான்" என்றான், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கடலோரச் சேத்துல மோட்டார் போகாது. சைக்கிள் போகும்."

அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

மறுநாள் சக்கரத்தை மாட்டி, ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாடாவைக் கட்டி, அது ரிம்மில் எங்கேயும் உரசாமல் சுற்றும் வரைக்கும் கம்பிகளைத் தளர்த்தி இறுக்கிச் சரி பண்ணினாள். புதுச் சக்கரம் போலச் சுற்றியது. பழையபடி ஸ்டோரிலேயே கொண்டுபோய் நிறுத்தினாள். வேண்டுமென்றே. பின்சக்கரத்துக் கம்பியிலிருந்து சுவரில் இருந்த ஆணி வரைக்கும் ஒரு கறுப்பு நூலைக் கட்டினாள். சைக்கிளை யார் நகர்த்தினாலும் நூல் அறும்.

நடுவில், அந்தத் தாமான் குடியிருப்பில் பக்கத்து வீட்டில் இருக்கும் கருப்பாயி அக்காவிடமும் ரூபேந்திரன் மேல் சந்தேகம் என்று சொல்லிவிட்டாள். வேலியோரம் செடிக்குத் தண்ணீர் விடும்போது பேச்சு வந்தது. சொல்ல வேண்டும் என்று போகவில்லை, சொல்லக் கூடாது என்றும் நினைக்கவில்லை. "அந்தப் பையனா? பார்க்கச் சாதுவா இருக்கானே" என்றாள் கருப்பாயி அக்கா. அவள் கண் பின்பக்க அறையின் ஜன்னலுக்குப் போயிற்று.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தபோது நூல் அறுந்து கிடந்தது.

சனிக்கிழமை மத்தியானம், மூன்று பேரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து ரூபேந்திரனை ஹாலுக்குக் கூப்பிட்டாள். அவன் தூக்கம் கலைந்த முகத்தோடு வந்து நின்றான். உட்காரச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

"தம்பி, நேரா கேக்குறேன். நேத்து என் சைக்கிள எடுத்தியா?"

"இல்லக்கா."

"ஸ்டோர் பக்கம் போனியா?"

அவன் பதில் சொல்வதற்கு முன்னால் காளிதாஸைப் பார்த்தான். ஒரு நொடி இல்லை, நிறைய நேரம் பார்த்தான். காளிதாஸ் மடியில் விரித்திருந்த பேப்பரைப் புரட்டினான். காப்பாற்றச் சொல்லிக் கணவனைப் பார்க்கிறான், குற்றமுள்ள நெஞ்சு என்று வாசுகி நினைத்தாள்.

"இல்லக்கா" என்றான் மறுபடியும். "நான் எடுக்கல."

"அப்ப வீட்டுல எடுக்கிறதுக்கு வேற யாரு இருக்கா? நீயே சொல்லு."

"விடு வாசுகி" என்றான் காளிதாஸ். "ஒரு சைக்கிளுக்குப் போயி."

ரூபேந்திரன் தலையை ஆட்டினான். யாருக்கு ஆட்டினான் என்று தெரியவில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அந்த மாசக் கடைசியில், கம்பெனிக்குக் கிட்டத்தில் போகிறேன் என்று சொல்லி, அறையைக் கூட்டித் துடைத்துவிட்டுச் சாவியை மேசை மேல் வைத்துவிட்டுப் போனான். வாசுகிக்குத் தான் நினைத்தது சரிதான் என்ற திருப்தி இருந்தது. அது இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. கூட்டித் துடைத்த தரையைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ இடறியது.

அவன் போன பிறகு மழை. பல நாள் சைக்கிளை வெளியே எடுக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை வெயில் அடித்தது. டயருக்குக் காற்றடிக்கலாம் என்று ஸ்டோரில் குனிந்தவள் அப்படியே நின்றாள். புது நிப்பிள்களின் மேல் வெள்ளை பூத்திருந்தது. அவள் கையால் மாட்டியவை. சாலையையே பார்க்காதவை.

ரூபேந்திரன் வீட்டில் இல்லை. கடலும் இல்லை.

 உள்ளே போய் வீட்டில் வைத்திருந்த பூதக்கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்து வந்தாள். சைக்கிளை விட்டுவிட்டு ஸ்டோரைப் பார்க்க ஆரம்பித்தாள். கதவுக் கீல், பெயின்ட் டப்பாக்களின் மூடி, சுவரில் தொங்கிய ரம்பம், பழைய மின்விசிறியின் கூண்டு. கதவுப் பக்கம் இருந்தவற்றில் லேசான துரு. உள்ளே போகப் போக அதிகம். காளிதாஸ் தன் சாமான் வைக்கும் இரும்பு அலமாரியை ஒட்டி இருந்தவை எல்லாம் உரிந்து செதில் செதிலாக வந்தன. சைக்கிளின் பின்சக்கரம் தினமும் நிற்பது அந்த அலமாரியின் பக்கத்தில். முன்சக்கரம் கதவுப் பக்கம்.

அலமாரி பூட்டியிருந்தது. பூட்டும் புதுசு. அதிலும் துரு.

பின்பக்கத்துக் கழிவறையைக் காளிதாஸ் சமீப காலமாக அடிக்கடி கழுவுவது அவளுக்கு நினைவு வந்தது. வேலையிலிருந்து வந்தால் மூக்கை அரிக்கும் ஒரு நெடி இருக்கும். கழுவினேன் என்பான். மனுஷனுக்கு இப்போதாவது பொறுப்பு வந்ததே என்று அவள் சந்தோஷப்பட்டிருந்தாள்.

அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. இந்தத் தடவை கண்ணால் பார்க்காமல் வாயைத் திறப்பதில்லை என்று இருந்தாள். சமைத்துப் போட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தாள். அவன் போன் அடித்தால் காது கொடுத்தாள். வேன் சாவியை எங்கே வைக்கிறான் என்று பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனை அப்படி உளவு பார்த்தது அதுதான் முதல் தடவை. அவன் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட பிறகு, மத்தியானம் மறுபடி கூட்டிவரப் போகும் வரைக்கும் வீட்டில் தனியாக இருப்பான். அந்த நேரத்தில் என்ன செய்கிறான் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

புதன்கிழமை வேலையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். முன்கதவைத் திறந்ததுமே தொண்டை எரிந்தது. சமையலறையைத் தாண்டி ஸ்டோர் வாசலில் போய் நின்றாள்.

காளிதாஸ் ஈரத் துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, அவளுடைய சமையலறை ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, ஒரு கண்ணாடிப் பாத்திரத்தின் மேல் குனிந்திருந்தான். அதிலிருந்து புகை மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. சைக்கிள் ஒரு பக்கமாகத் தள்ளி நிறுத்தப்பட்டிருந்தது; அன்று நூல் அறுந்ததும் இப்படித்தான். அலமாரிக்குள்ளே பாட்டில்கள், ஒரு வாளி நிறைய உடைந்த கைப்பேசி போர்டுகள்.

"என்ன இது?"

அவன் துள்ளி நிமிர்ந்தான். துண்டை இறக்கினான். "நீ வேலைக்குப் போகலையா?"

"என்னதுன்னு கேட்டேன்."

"ஆசிட். பழைய போன் போர்டு. இதுல தங்கம் இருக்கு வாசுகி."

அவள் வாளிக்குள் குனிந்து பார்த்தாள். "எங்க கம்பெனி போர்டா?"

"சே, இல்ல. பழைய இரும்பு வாங்குற லோரிக்காரன்கிட்ட வாங்கினது. வீடியோல பார்த்தேன். முதல்ல சும்மாதான் ஆரம்பிச்சேன்." அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு மருந்துப் பாட்டிலை எடுத்து அவள் முன்னால் நீட்டினான். அடியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு மஞ்சள் பொட்டு. "நானே எடுத்தது. காலையில புள்ளைங்கள ஏத்து, இறக்கு, மறுபடி ஏத்து. வேற என்ன தெரியும் எனக்கு? இது நானே பண்ணினது."

முகத்தில் அத்தனை பெருமை. வேறு நாளாக இருந்தால் அவள் அதைப் பார்த்துச் சிரித்திருப்பாள்.

"இந்தப் புகை இரும்பையே தின்னிருக்கு. உங்க நெஞ்ச என்ன பண்ணியிருக்கும்? புகைமூட்டம் புகைமூட்டம்னு இருமிக்கிட்டே இருந்தீங்களே."

"அதனாலதான் சொல்லல. உங்க கம்பெனியில ஆசிட் ஆபத்து பத்தியெல்லாம் கத்துக் குடுத்திருக்காங்க. சொல்லியிருந்தா அன்னைக்கே தூக்கிப் போட்டிருப்ப."

"ரூபேந்திரனுக்குத் தெரியுமா?"

காளிதாஸ் பாட்டிலை மூடினான்.

"பகல்ல தூங்குறவன். ஒரு சுவர்தான் நடுவுல. தெரியுமா தெரியாதா?"

"தெரியும். வேணாண்ணே, அக்காகிட்ட சொல்லிடுங்கன்னு ரெண்டு மூணு தடவ சொன்னான். கொஞ்ச நாள் பொறுடான்னு நான்தான்..."

அவள் அங்கே இருந்த பெயின்ட் டப்பா மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபம் ஆசிட் மேல் இல்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அவன நடு வீட்டுல நிக்க வச்சுக் கேட்டேன். நீங்க சோபாவுல உட்கார்ந்து பேப்பர் புரட்டிக்கிட்டு இருந்தீங்க."

"நீ அவ்வளவு தூரம் கேட்பன்னு நினைக்கல."

"கேட்டது என் தப்பு. அது என்னோட இருக்கட்டும். அவன் மூட்ட கட்டுனப்பக்கூட உங்களுக்கு வாய் வரலையே."

அவன் கையுறையைக் கழற்றினான். அன்று சாயங்காலமே தொழிற்சாலையில் தெரிந்தவரைக் கேட்டு, பாட்டில்களை எல்லாம் முறையாக எடுத்துப் போகும் ஆளை வரச் சொன்னாள். காளிதாஸ் எதிர்த்துப் பேசவில்லை. வாளியைத் தூக்கிக் கொடுத்தபோது மட்டும் பிள்ளையைப் பிரிகிற மாதிரி ஒருமுறை பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அவனைத் தேடி வேனில் பெக்கான் நானாஸுக்குப் போனார்கள். கம்பெனிக்குக் கிட்டத்தில் எங்கேயும் போகாமல் ரூபேந்திரன் தன் அக்கா வீட்டில்தான் இருந்தான். கைலியோடு வெளியே வந்தவன் அவர்களைப் பார்த்து உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தான். தேநீர் வந்தது. அன்னாசி நறுக்கி வந்தது. வாசுகி சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"தம்பி, தெரியாம கேட்டுட்டேன். தெரியாம இருந்தது மட்டும் இல்ல, நீதான்னு முடிவு பண்ணிட்டுத்தான் கேட்டேன். மன்னிச்சுக்கப்பா. அறை காலியாத்தான் இருக்கு. வந்துரு."

"நீங்க கேட்டதுல எனக்கு வருத்தம் இல்லக்கா. உங்க சைக்கிள், கேட்பீங்க." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அண்ணன் சொல்லுவாருன்னு நினைச்சேன். அவரு வீட்டு விஷயத்த நான் எப்படி எடுத்துச் சொல்றது?"

காளிதாஸ் கிளாஸைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். "தப்புதான்டா" என்றான்.

"இங்க இருந்து போறது தூரம்தான். ஆனா பழகிட்டேன்." அன்னாசித் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்திவிட்டு, "உங்க தாமான்லயே அடுத்த தெருவுல ஒரு ரூம் பார்த்தேன்க்கா. முதல்ல தர்றேன்னாங்க. மறுநாள் கேட்டா, இல்லன்னுட்டாங்க" என்றான். ஏன் என்று அவன் சொல்லவில்லை. வாசுகிக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேலியோரம் தான் விட்ட பேச்சு அந்தத் தெரு வரைக்கும் போயிருந்தது.

திரும்பி வந்தார்கள். வீட்டு வாசலில் வேன் நின்றதும் அவள் உள்ளே போகாமல் நேராக வேலிப் பக்கம் நடந்தாள். கருப்பாயி அக்கா குழாயைப் பிடித்துக்கொண்டு மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் பையன் சைக்கிள எடுக்கல. நான் சொன்னது தப்பு."

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் கருப்பாயி அக்கா. "முகத்தப் பார்த்தாலே தெரியாதா? நான்கூட, அப்படியெல்லாம் இருக்காதுன்னுதான் எல்லாருகிட்டயும் சொன்னேன்." கொஞ்சம் கிட்ட வந்தாள். "அப்ப யாருதான் எடுத்தது?"

வாசுகி வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் நாளைக்குத் தாமான் முழுக்க அவள் புருஷன் பேர் அடிபடும். சொல்லாவிட்டால் அந்தப் பையன் பேர் கெட்டபடியே நிற்கும். சொல்லத்தான் வந்தாள், ஆனாலும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரும் எடுக்கலக்கா." பின்னால் காளிதாஸின் குரல். வேன் சாவி இன்னும் கையில் இருந்தது. "நான்தான் ஸ்டோர்ல ஆசிட் வச்சு வேல பார்த்தேன். அந்தப் புகையில சைக்கிள் கெட்டுப் போச்சு. ரூபேந்திரனுக்கு அது தெரியும். எனக்காக வாய மூடிக்கிட்டு இருந்தான். இவ அவனக் கேட்டப்ப நானும் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்த பேசல."

கருப்பாயி அக்காவின் கையில் குழாய் ஒரே இடத்தில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. "ஆசிட்டா? எதுக்கு?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். போர்டு, லோரிக்காரன், வீடியோ, ஒன்றையும் விடவில்லை.

"தங்கம் வந்துச்சா?"

"கடுகளவு."

"கடுகளவுன்னாலும் தங்கம்தானே" என்றாள் அவள், உண்மையான அக்கறையோடு.

அந்த வாரம் முழுக்கத் தாமானில் எதிரே வந்தவர்கள் எல்லாம் காளிதாஸை நிறுத்தித் தங்கம் விசாரித்தார்கள். பழைய கைப்பேசி இருக்கிறது, தரட்டுமா என்று கேட்டவர்களும் உண்டு. ரூபேந்திரனைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. அதனால் வாசுகியே ஒவ்வொருவரிடமும் அந்தப் பேச்சை எடுத்தாள். பேச்சு முடிந்து போகிறவர்கள் போகட்டும் என்று விடாமல், கூடவே கொஞ்ச தூரம் நடந்து சொன்னாள். சிலர் கேட்டார்கள். சிலர், அது ஏன் இவ்வளவு தூரம் சொல்லிக்கொண்டு வருகிறாள், இதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்குமோ என்பது போல அவள் முகத்தையே பார்த்தார்கள்.